வண்டிச் சத்தமும் என் சத்தமும்

எனக்கு முன்கோபம் உண்டு. அதை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பெற்றவளே சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாள். ஆனால் கட்டின புருஷனை நடுரோட்டில் நிற்கவைத்து வைகிறவள், லாரி ஸ்டாண்டில் ஊரே பார்க்கக் கத்துகிறவள் என்று புதுக்கோட்டையில் பாதிப் பேர் என்னைப் பற்றிப் பேசினார்களே, அந்தப் பெயர் என் கோபத்தால் வந்ததில்லை. ஒரு ஓட்டை பிக்கப் வண்டியால் வந்தது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டதற்கு, சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறார் என்றார்கள். நான் வில்வண்டி என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால், யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பிக்கப். பட்டாளத்துப் பச்சைக்கு மேல் இவர் நீலம் அடித்திருந்தார். நீலம் உரிந்த இடமெல்லாம் பச்சை பல்லைக் காட்டும். ஸ்டியரிங் இடது கைப்பக்கம். வலது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். கட்டுமாவடியில் கருவாட்டு மூட்டை ஏற்றி, அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. கல்யாணமான ஒரு வாரத்தில் என் கூறைப்புடவைகூட நெத்திலி வாடை அடித்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சிரித்தார். இந்த மனுஷனுக்குச் சிரிப்பு மட்டும் எப்போதும் தயாராக இருக்கும்.

எங்கள் வீடு அறந்தாங்கி ரோட்டில், டவுனுக்கு வெளியே, கண்மாய்க்கரை இறக்கத்தில். வீட்டில் அவர், நான், என் மாமியார், மூன்றே பேர். ரோடு அந்த இடத்தில் கரைமேல் ஏறி இறங்கும். மேட்டில் ஏறும்போது பிக்கப் ஒரு முறை முனகும், கியரை மாற்றினதும் தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கும். அந்தச் செருமல் காதில் விழுந்ததும் இலையைப் போட்டுத் தண்ணீர் வைத்தால் சரியாக இருக்கும். அப்படித்தான் அந்த வண்டியின் சத்தம் எனக்குப் பழக்கமானது. எது அதன் சொந்தச் சத்தம், எது வந்தேறிச் சத்தம் என்று சமையல்கட்டில் இருந்தபடியே எனக்குப் பிரித்துத் தெரியும்.

அவருக்கு அதைவிட. அந்த ரோட்டில் ஓடுகிற லாரிக்காரர்கள் எல்லாருக்கும் அவருடைய காதுமேல் ஒரு பயபக்தி. சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வெளியே ஒரு லாரி போகும். "அதுல ஒரு பிளக் அடிக்கலை" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் நம்பாமல் எழுந்துபோய்ப் பார்ப்பதற்குள் அந்த லாரியே திரும்பிவந்து, "அண்ணே, வண்டி இழுக்கலைண்ணே" என்று வாசலில் நிற்கும். ரிப்பேரைச் சொல்லும்போதும் அலட்டல் கிடையாது. மெல்லிய குரல். அவர் பேசுவதைக் கேட்க எதிராளி குனிய வேண்டும்.

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒரு நாள் கரைமேட்டில் வண்டி ஏறியபோது, வழக்கமான முனகலுக்கு நடுவில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. ஆட்டுக்கல்லில் மாவோடு மணல் கடிபடுமே, அப்படி.

"வண்டியில என்னமோ கரகரங்குதே" என்றேன், சோறு போடும்போது.

"ஒண்ணுமில்ல."

மறுநாளும் அதே கரகரப்பு. கொஞ்சம் கூடியிருந்தது. மாமியாருக்கே கேட்டது, "என்னடி, வண்டி இரும்பைத் திங்கிது?" என்றார். நான் மறுபடி சொன்னேன். அவர் மறுபடியும், "நீ பேசாம இரு புள்ள, எனக்குத் தெரியாததா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்படிச் சொன்னால் பேசாமல் இருக்கிற ஆளா நான்? அந்த வாரம் முழுக்க அதே சண்டை.

சந்தை நாளன்று, அறந்தாங்கி தாண்டி நடுவழியில் வாட்டர் பம்ப் பேரிங் உடைந்து, ஃபேன் போய் ரேடியேட்டரில் மாட்டி அதைக் கிழித்தேவிட்டது. மூட்டைகள் எல்லாம் ரோட்டோரப் புளியமரத்தடியில். சந்தை முடிந்தபிறகுதான் மாட்டுவண்டி பிடித்து ஏற்றிவந்தார். லாரி ஸ்டாண்டில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஊர் வண்டிக்கெல்லாம் நோய் சொல்கிறவருக்குத் தன் வண்டி ஒரு வாரமாகக் கத்தினது கேட்கவில்லையா? "தெரிஞ்சுதான் ஓட்டுனேன். சந்தை முடியட்டும்னு பாத்தேன்" என்றாராம்.

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. அந்த மனுஷன் வண்டியில் ஒரு நட்டு ஆடினால்கூட இறங்கி முடுக்கிவிட்டு ஏறுகிறவர். தெரிந்து ஓட்டியிருக்கவே மாட்டார்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். அவர் கொல்லைப்புறம் பார்த்து உட்கார்ந்து ரேடியேட்டர் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன். என்ன சொன்னால் எந்த ஆம்பிளையும் திரும்பாமல் இருக்க முடியாது என்று யோசித்தேன். "ஒங்காத்தா வைக்கிற மீன் கொழம்ப நாயும் நக்காது" என்றேன், நன்றாகக் கேட்கிற குரலில்.

அவர் அசையவில்லை. குழாயை ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தேய்த்தார். அப்போது பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம். திரும்பினால் வாசப்படியில் மாமியார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் புகழ். "எங்கொழம்ப நாய் நக்காதாம்! எம்மகன்கிட்டயே சொல்றா! அவன் வாயில்லாப் பூச்சி, திரும்பிக்கூடப் பாக்கலை!" என்று அத்தை தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி அழுதார். நான் என்னவென்று மறுத்துச் சொல்வது? உங்கள் மகனுக்குக் காது கேட்கவில்லை, அதைப் பார்க்கத்தான் சொன்னேன் என்றா? வாயை மூடிக்கொண்டேன். உண்மையில் அந்தக் குழம்பு ரொம்ப நன்றாக இருக்கும். இப்போது சொல்லி என்ன, அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வண்டி நிற்கிற கொட்டகைக்குப் போய், அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். "ஒங்களுக்குக் காது கேக்கலையா?"

துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கம்மாய்த் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்து கேக்குற மாதிரி இருக்கு புள்ள. கொஞ்ச நாளாவே. வெளிய தெரிஞ்சா லைசென்ச வாங்கிருவாங்க. காது கேக்காதவன் வண்டியில யாரு லோடு ஏத்துவா? ஒருத்தன்கிட்டயும் சொல்லிறாத. ஆத்தாகிட்டகூட. ஆத்தாகிட்டச் சொன்னா ஊருக்கே தண்டோரா."

அந்த வண்டி போனால் எங்களுக்குச் சோறு இல்லை, அது ஒரு பக்கம். வண்டி இல்லாமல் இவர் என்ன ஆவார்? அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அவர் முகத்தில் இருக்கிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். "சொல்ல மாட்டேன்" என்றேன். என் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு தொழில்முறை உண்டானது. காலையில் அவர் ஹேண்டில் போட்டு வண்டியைக் கிளப்புவார். நான் கோலம் போடுகிற சாக்கில் வாசலில் குனிந்து நின்று கேட்பேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய், கேட்டதை அப்படியே வாயால் செய்து காட்டுவேன். கூடவே அவர் தோளில் விரலால் தாளம் தட்டுவேன். வேகம் தெரிய வேண்டுமே. "டிக்கு டிக்கு டிக்கு" என்று மேலாக, லேசாகத் தட்டினால், "டாப்பெட்டு, வால்வு தட்டுது" என்பார். உதட்டைக் குவித்து "புஸ்க் புஸ்க்" என்றால், "எங்கயோ பேக்கிங் போச்சு, காத்துக் கசியுது". கீச்சென்று கத்தினால் ஃபேன் பெல்ட். முஷ்டியால் "தொம் தொம்" என்று குத்தினால் முகம் வெளுத்துவிடும். அது அடிவயிற்று பேரிங், பிக் எண்டு. அது போனால் எஞ்சினே போன மாதிரி. ஒரு நாள் நான் கிளட்ச்சு சத்தத்தைச் செய்துகாட்டும்போது அத்தை உள்ளே வந்துவிட்டார். மருமகள் மகனைக் குத்திக்கொண்டு ஊளையிடுகிறாள் என்று அதுவும் தெருவுக்குப் போனது.

வீட்டுக்குள் செய்யலாம். வெளியில்? ஸ்டாண்டிலும் சந்தையிலும் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். இவர் காதில் விழாது. பதில் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். நான் கருவாடு தரம் பார்க்கப் போகிறேன், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஏதாவது சொல்லி வண்டியில் ஏறிக்கொள்வேன். யாராவது ஏதாவது கேட்டால் நான் பாய்வேன். "ஏங்க! அறந்தாங்கில எத்தனை மூடை எறக்குனீங்கன்னு கேக்குறாங்கல்ல! மரம் மாதிரி நிக்கிறீங்களே!" என் வசவுக்குள்ளேதான் கேள்வி இருக்கும். அவர் அதை என் உதட்டில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பதில் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு, பொண்டாட்டி கத்தினால்தான் வாய் திறக்கிற பயந்தாங்கொள்ளி. காது கேட்காதவன் என்பதைவிட அது எவ்வளவோ மேல். பயந்தாங்கொள்ளிக்கு லைசென்சு உண்டு.

என் பெயர்தான் நாறிப்போனது. நான் ஸ்டாண்டில் இறங்கினாலே டீக்கடை பெஞ்சில் இருந்து ஒருத்தன், "சண்டைக்காரி வாரா, ஒதுங்குங்கடா" என்பான். எனக்குக் கேட்கும்படிதான் சொல்வான். என் அண்ணனே வந்து, நம்ம குடும்பத்து மானத்தை வாங்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ராத்திரி அழுததும் உண்டு. பொய் சொல்வானேன், சில நாள் அந்தச் சாக்கில் நிஜமாகவே நாலு வார்த்தை சேர்த்து வைததும் உண்டு. வாய் கிடைத்தால் விடுவார்களா?

நல்ல காரியம் ஒன்றும் நடந்தது. ஒரு நாள் கார்ப்பரேட்டரைத் திருகிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் நீளத் திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானெட்டுக்குள் எட்டிக் குனிந்தார். திருப்புளி முனை எஞ்சினில் பட்டது. தேள் கொட்டினவர் மாதிரி துள்ளினார். திரும்பவும் குனிந்து முனையை வைத்தார். வைத்தபடியே நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"கேக்குது புள்ள! பழையபடி கேக்குது! உள்ள ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குது!"

நான் ஓடிப்போய் எனக்கும் வைங்க என்று வாங்கிக் கடித்துப் பார்த்தேன். வெளி இரைச்சல்தான் காதை அடைத்தது, பல் கூசினதுதான் மிச்சம். காது வழியாகப் போகாத சத்தம் பல் வழியாக எலும்புக்குள் இறங்கிப் போய்ச் சேர்கிறது போல. எப்படியோ போகட்டும். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். எதற்குப் பாயசம் என்று அத்தை கேட்டார், இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் அவர் திருப்புளியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். சொன்னது தப்பாது. லாரிக்காரர்கள் இதைப் புதுசான வித்தை என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் புதுக்கோட்டை லாரி ஸ்டாண்டில் டிரைவர், கிளீனர் எல்லாரும் திருப்புளியைப் பல்லில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருத்தன் ஃபேன் பக்கம் நீட்டி, முன்பல்லில் பாதி போனது. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும், "ஆமாமா, கேக்குது, மூணாவது சிலிண்டர்தான்" என்று தலையாட்டினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது, அந்த இரைச்சலுக்கு நடுவில், என் பேச்சு அவருக்கு நன்றாகக் கேட்டது. ஏன் என்று தெரியாது. வண்டிக்குள் யாராக இருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும், அதனாலும் இருக்கலாம். வீட்டில் சைகையும் உதடும்தான். வண்டியில் ஏறிவிட்டால் நாங்கள் எல்லாரையும் போல ஒரு புருஷன் பொண்டாட்டி. கட்டுமாவடியில் இருந்து வரும்போது இரண்டு பக்கமும் உப்புக்காற்று, பின்னால் கருவாட்டு மூட்டை, நாங்கள் விலைவாசி, அத்தை, பிறக்காத பிள்ளை எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டே வருவோம். எனக்கு அந்த வண்டிமேல் ஆசை வந்தது அப்படித்தான். அந்த நாற்றமும் எப்போது போனது என்று தெரியவில்லை.

வண்டிக்கு எஃப்.சி. பார்ப்பதும் அவருடைய லைசென்சைப் புதுப்பிப்பதும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. திருச்சியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, புதுக்கோட்டை மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். அதுவரை வந்தவர் மாறிப்போய், புது ஆள் வருகிறார் என்றும், கண்டிப்பானவர் என்றும் பேச்சு. முதல் நாளே இவர் வண்டியைக் கழுவி, கதவுக் கயிற்றை அவிழ்த்துக் கொக்கி போட்டார். எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் கிளப்பினதும் எஞ்சினில் டக் டக் டக் என்று ஒரு சத்தம். முந்தின நாள் இல்லை. நான் கோலமாவோடு நின்றுவிட்டேன். பிக் எண்டாக இருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது. தோளில் தட்டிக் காட்டினேன். அவர் முகமும் மாறியது. "எப்பிடி? தொம்மா, டக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

திருப்புளியைக் கடித்து மூன்று நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் உடனே பிடிபடவில்லை. "ஓடட்டும். நீ கேட்டுக்கிட்டே இரு. சூடு ஏற ஏறச் சத்தம் கூடுதா, கொறையுதா சொல்லு" என்றார். நான் பானெட்டில் காதை வைக்காத குறையாக நின்றேன். எஞ்சின் சுடச்சுடச் சத்தம் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லவே இல்லை. "அடங்கிருச்சு!" என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் மூச்சு விட்டார். "பிக் எண்டா இருந்தா சூட்டுல கூடத்தான் செய்யும். இது மேனிபோல்டு பேக்கிங், பொகைக்குழா எஞ்சினோட சேருற எடம். லேசா வாய் பொளந்திருக்கு. சுட்டா இரும்பு வீங்கி அடைச்சுக்கிரும்." பேக்கிங் மாற்ற நேரமில்லை. அப்படியே கிளம்பினோம். நான் ஒரு தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன், சாப்பாடு கொண்டுவந்தவள் மாதிரி.

மைதானத்தில் வரிசை நீளம். எங்கள் முறை வருவதற்குள் எஞ்சின் ஆறிப்போனது. கிளப்பினதும் டக் டக் டக். நான் வண்டியை ஒட்டியிருந்த வாகை மரத்தடியில் மற்ற ஆட்களோடு நின்றேன். இன்ஸ்பெக்டர் பானெட்டுக்கு அந்தப் பக்கம் போனார். அவரும் மெல்லப் பேசுகிற ஆள். பாவி, அந்த மெல்லிய குரல் அன்றைக்குத்தானா வர வேண்டும்?

"என்னய்யா சத்தம் அது? பிக் எண்டா? எவ்வளவு நாளா இருக்கு?"

இவர் சிரித்த முகத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "உன்னைத்தான் கேக்குறேன்."

தூக்குச்சட்டியோடு பாய்ந்தேன். "ஏங்க! அய்யா சத்தம் எம்புட்டு நாளா இருக்குன்னு கேக்குறாருல்ல! பிக் எண்டான்னு கேக்குறாரு! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? இன்னைக்குக் காலையிலேருந்துதான்னு சொல்லுறதுக்கென்ன? ஒங்களக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே, அய்யோ!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. இவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக, "காலையிலேருந்துதாங்க. பிக் எண்டு இல்லை, மேனிபோல்டு பேக்கிங். எஞ்சின் சுட்டா அடங்கிரும். இன்னைக்கே மாத்திருவேன்" என்றார்.

சொன்னபடியே அடங்கியது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஓடும்போது கேட்கும், ஓடும்போது கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கிறது. திரும்பி வந்து இறங்கி, பானெட்டின் மேலேயே தாளை வைத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, எஞ்சினை அணைத்து நின்ற என் புருஷன் தோளில் கை வைத்து, ஒரு மனிதனுக்கு மனிதன் சொல்கிற ஆறுதலாகச் சொன்னார்: "நாய்கூட இப்படிக் கத்தாதுய்யா. எப்படித்தான் இவளோட குப்பை கொட்டுறியோ? பாவம்யா நீ."

இவர் இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாம் ஒங்க ஆசீர்வாதங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் கேட்டார். "எதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க? அந்த ஆளு கடைசியா என்ன சொன்னாரு?"

"வண்டி ஜோருன்னாரு."

என் முகத்தைப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. "நெசத்தைச் சொல்லு."

சொன்னேன். நாய் என்றதையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"அப்பிடி யாரும் ஒன்னயச் சொல்லுவாங்களா?" என்றார்.

"எல்லாருந்தான் சொல்றாங்க. ஸ்டாண்டுல எம்பேரே சண்டைக்காரிதான். எங்கண்ணனே சொல்லுது. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவருக்குத் தெரியவே தெரியாது. ஊரெல்லாம் என்னைப் பேசின பேச்சில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்ததில்லை. நான் ஸ்டாண்டில் இறங்கும்போது பெஞ்சில் இருப்பவர்கள் வாயசைப்பதைப் பார்த்து, நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படி அடியோடு போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு வண்டியைத் திருப்பினார்.

"வீடு அங்கிட்டு இருக்கு" என்றேன்.

நேரே லாரி ஸ்டாண்டுக்கு விட்டார். டீக்கடையில் நல்ல கூட்டம். கட்டுமாவடியில் எங்களுக்கு லோடு கொடுக்கிற மண்டிக்கார ராவுத்தரும் சந்தை வேலையாக வந்து உட்கார்ந்திருந்தார். இவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பெஞ்சுக்கு எதிரில் போய் நின்றார். அந்த மெல்லிய குரலில் பேச ஆரம்பித்ததும், என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

"எனக்குக் காது கேக்காதுங்க. வருசக்கணக்காச்சு. நீங்க கேக்குறது எதுவும் எனக்குக் கேக்காது. எம்பொஞ்சாதி என்னய வையலை. நீங்க கேட்டதை எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தா. எம்பொழப்பு போயிறக் கூடாதுன்னு அவ பேரக் கெடுத்துக்கிட்டா. இனிமே யாரும் அவள அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க."

அந்தப் பேச்சுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராவுத்தர் நல்ல மனிதர். லோடை நிறுத்தவில்லை, ஆனால் வேறு டிரைவர் போடச் சொன்னார். போட்டோம். சேதி எப்படியோ மேலே போனது, லைசென்சு போனது. இவர் கொட்டகையிலேயே பட்டறை வைத்தார். பல்லில் திருப்புளியோடு ஊர் வண்டிகளைப் பார்த்தார். பட்டினி இல்லை. ஆனால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விட்டது. கரைமேட்டில் இன்னொருத்தன் கியர் மாற்றும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். இவ்வளவும் போகும் என்று தெரிந்துதான் அவர் அன்று வாயைத் திறந்தார்.

எனக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வண்டியை விட்டுக் குதித்து இறங்கினேன்.

"அடப்பாவி மனுஷா! ஒமக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? யாரு கேட்டா ஒம்மைய? நாய்னா நாய்னு இருந்துட்டுப் போறேன், ஒமக்கென்ன வந்துச்சு? கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்துன பொழப்பை இப்பிடி நடுத்தெருவுல போட்டு ஒடைச்சிட்டீரே! வெளங்குமா? நீரு மனுஷந்தானா?" நீங்க போங்க எல்லாம் பறந்துவிட்டது. என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எனக்கே தெரியாது. தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"இப்பத்தான் அவ நெசமா வையுறா. இதுக்கு முன்னாடி ஒரு நாளும் வஞ்சதில்ல."